மொஸார்ட்டுக்குப் பிடிக்காத நியூரம்பெர்க்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: வேலை விஷயமாக ஜெர்மனியின் மியூனிக் வருகிறீர்கள். டிசம்பரா ஜூனா என்று இன்னும் முடிவாகவில்லை. கடைசியில் இரண்டு நாள் மிஞ்சுகிறது, நியூரம்பெர்க் போய்வரலாமா என்று யோசிக்கிறீர்கள். ஆனால் போய்வந்தவர்கள் சொல்வது ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கதைப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்த ஊர் என்கிறார் ஒருவர். எல்லாமே 1950க்கு அப்புறம் கட்டியது, சினிமா செட் மாதிரி என்கிறார் இன்னொருவர். மூன்றாமவருக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லையாம். இதில் யாரை நம்புவது?

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. நான் எட்டு வருடம் எர்லாங்கனில் இருந்தேன். அங்கிருந்து நியூரம்பெர்குக்கு ரயிலில் இருபது நிமிடம். ஊரிலிருந்து யார் வந்து தங்கினாலும் முதல் சனிக்கிழமை அங்கேதான் கூட்டிப்போவேன். அதே வழி, அதே கோட்டை, அதே சந்தைத் திடல். ஆனால் திரும்பும் ரயிலில் ஒருவர் பேசியதை இன்னொருவர் பேசியதில்லை. பொதுப்பணித்துறையிலிருந்து ஓய்வு பெற்ற என் மாமா, ஒரு தேவாலயச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த வரிசை வரைக்கும் பழசு, அதுக்கு மேல எல்லாம் புதுக் கல்லுப்பா" என்றார். அவர் சொன்னது சரிதான். கூட வந்த அத்தை அந்தச் சந்துகளை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் நின்றார். அதுவும் சரிதான்.

இந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஆளுக்கொன்று பேசுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை, 500 வருடத்துக்கு மேலாக நடக்கிறது. அதோடு அவர்கள் பேசிய பேச்சு ஊரைச் சும்மாவும் விடவில்லை. நியூரம்பெர்கின் தலைவிதியில் வந்துபோனவர்களின் வாய்க்கும் ஒரு கை உண்டு. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால் செட்டா நிஜமா என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், எங்கே போவது என்ன சாப்பிடுவது எல்லாம் பிறகு.

15ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஊரைப் பார்த்தவர் இத்தாலியரான பிக்கொலோமினி. பின்னாளில் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப் ஆனவர். நியூரம்பெர்கின் நடுத்தரக் குடிமகன் வாழ்வது போல் வாழ ஸ்காட்லாந்து ராஜாக்களே ஆசைப்படுவார்கள் என்று எழுதினார். சும்மா அடித்துவிட்டதில்லை, மனிதர் ஸ்காட்லாந்துக்கு நேரில் போய்வந்தவர். அப்போது ஊர் அந்த அளவுக்குக் கொழித்தது. இத்தனைக்கும் மண் மணற்பாங்கு, ஊருக்குள் ஓடும் பெக்னிட்ஸ் ஆற்றில் சரக்குப் படகு ஓடாது. வணிகப் பாதைகள் பல வந்து குறுக்கிடும் இடம் என்பதும், உலோக வேலையில் கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள் என்பதும்தான் மூலதனம். அந்நாளில் ஜெர்மன் பகுதிகள் அடங்கியிருந்தது புனித ரோமானியப் பேரரசில். அதில் 1356இல் வந்த 'பொன் ஆணை' என்ற சாசனம் புதிதாகத் தேர்வாகும் மன்னர் ஒவ்வொருவரும் தம் முதல் சபையை இங்கேதான் கூட்ட வேண்டும் என்று விதித்தது. 1424 முதல் பேரரசின் கிரீடமும் செங்கோலும் வாளும் இந்த ஊரின் பாதுகாப்பில்தான் இருந்தன.

அந்தப் பணத்தில் நம் பக்கத்து மிளகுக்கும் பங்குண்டு. 1505இல் போர்ச்சுகலிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பிய கப்பற்படையில் ஜெர்மன் வணிகக் குடும்பங்கள் பணம் போட்டன. அதில் இரண்டு, இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல், நியூரம்பெர்க்காரர்கள். மலபார் மிளகு அவர்கள் கிட்டங்கிக்கு வந்தது. மசாலா விஷயத்தில் ஊர் எவ்வளவு கறார் என்றால், 1444இல் குங்குமப்பூவில் கலப்படம் செய்த வியாபாரியை அந்தக் குங்குமப்பூவோடு சேர்த்தே எரித்தார்கள்.

சரி, இப்போது இசைமேதை மொஸார்ட். 1790 செப்டம்பரில் வியன்னாவிலிருந்து ஃபிராங்க்ஃபுர்ட்டுக்கு வண்டி கட்டிப் போகிறார். அங்கே இரண்டாம் லியோபோல்டின் முடிசூட்டு விழா. வழியில் நியூரம்பெர்கில் காலைச் சாப்பாடு. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இந்த ஊருக்கு அவர் கொடுத்த மதிப்பெண்: "அசிங்கமான ஊர்". அடுத்து நின்ற வுர்ட்ஸ்பர்க் மட்டும் "அழகான, பிரமாதமான ஊர்". ஒருவேளைச் சாப்பாட்டு நேரத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இன்று அரைநாள் இறங்கிப் பார்த்துவிட்டு நட்சத்திரம் போடுகிறவர்களுக்கு மொஸார்ட்தான் முன்னோடி என்று வேடிக்கையாகச் சொல்வேன். அவர் காணப்போன விழாவில் பேரரசர் தலையில் ஏற வேண்டிய கிரீடமே இந்த அசிங்கமான ஊரிலிருந்துதான் போயாக வேண்டும். அதுதான் இதில் தமாஷ்.

ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காலத்து ரசனைக்கு நேரான தெரு, விசாலமான அரண்மனை, வெளிச்சம். வுர்ட்ஸ்பர்கில் அதெல்லாம் இருந்தது. நியூரம்பெர்கில் இருந்தது இருண்ட சந்து, கூர்கூரான கூரை, கடன். வணிகம் கடல் பக்கம் போய்விட்டது, 17ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போர் உறிஞ்சிவிட்டது. வீட்டை இடித்துக் கட்டக் காசில்லாதவன் வீடு பழமை மாறாமல் இருக்கும் அல்லவா, அப்படித்தான் ஊர் பழமையோடு இருந்தது.

மொஸார்ட் போய் மூன்றே வருடம். 1793இல் எர்லாங்கனில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது பையன்கள் இரண்டு பேர், வாக்கன்ரோடர், டீக் என்று பெயர், இங்கே வருகிறார்கள். வாக்கன்ரோடர் பின்னால் எழுதியதன் சாரம்: முன்னொரு காலத்தில் உலகப்புகழ் பெற்ற நகரமே, உன் வளைந்த சந்துகளில் எவ்வளவு ஆசையாகச் சுற்றினேன்! வளைந்த சந்து. மொஸார்ட் முகம் சுளித்த அதே சந்து. மூன்று வருடத்தில் ஒரு கல் கூட இடம் மாறியிருக்காது, பார்த்த கண்தான் வேறு. அந்த எழுத்திலிருந்து ஒரு தலைமுறைக்கே நியூரம்பெர்க் பைத்தியம் பிடித்தது. ஓவியர் ட்யூரர் ஏறக்குறையத் துறவி ஆக்கப்பட்டார். செருப்புத் தைத்தபடி பாட்டுக் கட்டிய ஹான்ஸ் ஸாக்ஸை வைத்து வாக்னர் இசைநாடகம் போட்டார். கலப்பில்லாத பழைய ஜெர்மனியைப் பார்க்க வேண்டுமா, நியூரம்பெர்க் போ என்று ஆகிவிட்டது.

இதற்கு அப்புறம்தான் கதை கசக்கிறது. நாஜிக் கட்சி 1933 முதல் 1938 வரை வருடா வருடம் தன் மாநாட்டை இங்கே நடத்தியது. எல்லாத் திசையிலிருந்தும் ரயில் வரும், உள்ளூரில் கட்சி பலமாக இருந்தது என்று நடைமுறைக் காரணங்கள் உண்டு. ஆனால் பேரரசர்கள் கூடிய ஊர், ஜெர்மன் நகரங்களிலேயே மிக ஜெர்மானியமான நகரம் என்ற பழம்பெருமை இல்லாவிட்டால் அந்த நாடகத்துக்குப் பின்திரை ஏது? ரசிகர்கள் நூறு வருடமாகத் தீட்டி வைத்த படத்தை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935 செப்டம்பர் 15 அன்று இங்கே நடந்த மாநாட்டில்தான் அறிவிக்கப்பட்டன. நான் யாரைக் கூட்டிப்போனாலும் தவறாமல் சொல்லும் தகவல் ஒன்று உண்டு. ஹான்ஸ் ஸாக்ஸ் சதுக்கத்தில் இருந்த பெரிய யூத ஆலயம் 1938 ஆகஸ்டில் இடிக்கப்பட்டது. நாடு முழுவதும் ஆலயங்களை எரித்த அந்த நவம்பர் இரவுக்கு மூன்று மாதம் முன்பே. சொன்ன காரணம்: பழைய ஊரின் அழகை அது கெடுக்கிறது.

1945 ஜனவரி 2 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் 500க்கும் மேல் வந்தன. ஒரு மணி நேரத்துக்குள் பழைய ஊரில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. சுமார் 1,800 பேர் செத்தார்கள். பிக்கொலோமினி பார்த்த ஊர், மொஸார்ட் பார்த்த ஊர், வாக்கன்ரோடர் பார்த்த ஊர் எல்லாம் அந்த ஒரே இரவில் முடிந்தது.

ஆக, எல்லாம் செட் என்று சொன்ன உங்கள் நண்பருக்கு வருவோம். பாதி சரி. இடிபாடுகளை அள்ளிய பிறகு நகரம் ஒரு நடுவழி பிடித்தது. பழைய தெருக்கோடு மாறாது, கட்டடம் உயரக்கூடாது, கூரை சரிவாக இருக்க வேண்டும். கோட்டையையும் பெரிய தேவாலயங்களையும் எஞ்சிய சுவரிலிருந்து திரும்ப எழுப்பினார்கள். சாதாரண வீடுகளைப் பழைய மாதிரி போலவே நகலெடுக்கவில்லை. 1950களின் எளிய வீடுகளாகவே கட்டினார்கள், ஆனால் பழைய வீட்டின் அளவுக்குள். அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்தால் 1500, பக்கத்தில் போனால் 1955. செட் போடுகிறவன் இப்படிச் செய்ய மாட்டான், பக்கத்திலும் ஏமாற்றத்தான் பார்ப்பான். நிஜமாகவே தப்பிப் பிழைத்த மரச்சட்ட வீடுகளைப் பார்க்க வைஸ்கெர்பர்காஸ்ஸே என்ற சின்னத் தெருவுக்குப் போங்கள். தோல் பதனிடுகிறவர்கள் வாழ்ந்த தெரு. இருநூறு முந்நூறு தப்படிதான் இருக்கும். எல்லாப் படமும் அங்கேதான் எடுக்கிறார்கள் என்பதைத் திரும்பி வந்து மற்றவர்கள் படங்களைப் பார்த்தால் புரியும்.

இந்த விவாதத்தை ஒரே கட்டடத்தில் பார்க்க ஆசையா? எகிடியன் சதுக்கத்தில் பெல்லர்ஹவுஸ் இருக்கிறது. 1600களின் தொடக்கத்தில் ஒரு வணிகர் கட்டிய மாளிகை, குண்டில் போனது. எஞ்சிய கீழ்ப்பகுதி மேல் 1950களில் பட்டையான நவீன முகப்பு வைத்தார்கள். உள்ளே போனால் முற்றம் மட்டும் பழைய வேலைப்பாடு மாறாமல் திரும்பச் செதுக்கி முடிக்கப்பட்டிருக்கிறது, அதுவும் 2018 வாக்கில்தான். முன்பக்கம் ஒரு காலம், பின்பக்கம் ஒரு காலம். உள்ளூர்க்காரர்கள் இன்னும் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்த முகப்பு பிடிக்கும், என் மாமாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

தேவாலயம் என்றால் இரண்டு ஒன்றோடொன்று போட்டி போடும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸெபால்டுஸ், இந்தப் பக்கம் லோரென்ஸ். லோரென்ஸில் ஆடம் கிராஃப்ட் 1490களில் செதுக்கிய கற்கோபுரம் ஒன்று சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு ஏறி, மேல் வளைவில் இடம் போதாமல் நுனி வளைந்து நிற்கும். அதைத் தோளில் தாங்கி மண்டியிட்டிருக்கும் உருவங்களில் ஒன்று, கையில் சுத்தியலோடு, சிற்பி தானே. நம் கோயில் சிற்பிகள் பெயரைக் கூடப் பொறிக்காமல் போனதை நினைத்துக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன். ஸெபால்டுஸில் புனிதரின் பித்தளை மண்டபத்தைத் தாங்குவது நத்தைகள். குழந்தைகளோடு போனால் நத்தைகளைத் தேடச் சொல்லுங்கள்.

கோட்டைக்குக் கீழே ட்யூரர் வீடு. 1509 முதல் 1528இல் சாகும் வரை அவர் வாழ்ந்தது. உள்ளே அசல் ஓவியங்களை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து வருகிறார்கள், ஏனென்றால் பெரிய படங்களெல்லாம் மியூனிக், வியன்னா என்று போய்விட்டன. ஊருக்காகவே அவர் கொடுத்த நான்கு அப்போஸ்தலர் படத்தையும் 1627இல் மியூனிக் வாங்கிக்கொண்டது. நீங்கள் மியூனிக்கில்தானே இருக்கப்போகிறீர்கள், ஆல்ட்டே பினகொதேக் கூடத்தில் பார்த்துவிட்டே வாருங்கள். வீட்டில் பார்க்க வேண்டியது அடுப்பும், அச்சுக்கூடமும், சாயம் அரைக்கும் முறையும்தான்.

அங்கே நினைவில் வைத்துக்கொள்ள ஒரு காண்டாமிருகம் உண்டு. குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்த மிருகம், 1515இல் லிஸ்பனில் போய் இறங்கியது. யாரோ எழுதிய கடிதமும் ஒரு கோட்டோவியமும் நியூரம்பெர்க் வந்து சேர்ந்தன. ட்யூரர் மிருகத்தைப் பார்க்காமலே மரச்செதுக்குப் படம் போட்டார். தோலை இரும்புக் கவசம் போல் வரைந்து, தோள்மேல் இன்னொரு சின்னக் கொம்பையும் வைத்துவிட்டார். அடுத்த இருநூறு வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் காண்டாமிருகம் என்றால் அதுதான். போகாத ஊரைப் பற்றி மற்றவர் எழுதியதைப் படித்து நாம் மனதில் வரைந்து வைப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான், இரண்டாவது கொம்போடு.

வீட்டுக்கு வெளியே சதுக்கத்தில் ட்யூரரின் முயல் என்று ஒரு வெண்கலச் சிலை இருக்கும், 1984இல் வைத்தது. பார்க்க அருவருப்பாக இருக்கும். சிற்பி வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார். திட்டிக்கொண்டே எல்லாரும் அதனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கோட்டையில் எல்லா அறைகளையும் சுற்ற வேண்டும் என்பதில்லை. ஆழ்கிணற்றை மட்டும் விடாதீர்கள். பாறையில் சுமார் 50 மீட்டர் தோண்டியது. வழிகாட்டி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுவார், கூட்டம் பேச்சை நிறுத்தும், சத்தம் வரச் சில நொடி ஆகும். அப்புறம் மெழுகுவர்த்தியை இறக்கிக் காட்டுவார். கோட்டையிலிருந்து கீழே தெரியும் கூரைக் கடலைப் பார்க்கும்போது மேலே சொன்ன ஜனவரி 2ஐ நினைத்துக்கொண்டால் போதும், அதற்கு மேல் வழிகாட்டி வேண்டாம்.

சந்தைத் திடலில் பகல் 12க்குக் கூட்டம் கூடும். ஃபிரவுவன் தேவாலயக் கடிகாரத்தில் ஏழு இளவரசர் பொம்மைகள் பேரரசரை மூன்று முறை சுற்றி வரும், 1509இலிருந்து இருக்கும் ஏற்பாடு. பார்த்தவர்கள் பாதிப் பேர் "இவ்வளவுதானா" என்பார்கள். எனக்கும் பொம்மையைவிட அந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. அந்தத் திடல் முன்பு யூதக் குடியிருப்பு. 1349 டிசம்பரில் 500க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று, வீடுகளை இடித்து, சந்தை போட்டார்கள். யூத ஆலயம் இருந்த இடத்தில் தேவாலயம் எழுந்தது. அதைக் கட்டச் சொன்ன நான்காம் கார்ல்தான் பொம்மைகள் சுற்றி வரும் அந்தப் பேரரசர். திடலின் ஓரத்தில் இருக்கும் அழகிய நீரூற்றில் பித்தளை வளையத்தைத் திருகி வேண்டிக்கொள்வார்கள். வரிசையில் நின்று திருகுங்கள், தப்பில்லை. நீரூற்றே 1900 வாக்கில் செய்த நகல்தான். அசலின் துண்டுகள் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே அருங்காட்சியகத்தின் இன்னொரு சொத்து, மார்ட்டின் பெஹைம் 1492இல் செய்த பூகோள உருண்டை, இன்றுவரை மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. அதில் இந்தியா உண்டு, அமெரிக்கா கிடையாது. கொலம்பஸ் அப்போது ஊர் திரும்பியிருக்கவில்லை.

தூக்கம் வராத நண்பர் போனது வேறு இடத்துக்கு. பழைய ஊரிலிருந்து டிராமில் கால்மணி நேரம், நாஜி மாநாட்டுத் திடல். ரோம் கொலோசியத்தை மனதில் வைத்து 50,000 பேருக்கு எழுப்பத் தொடங்கிய மாநாட்டு மண்டபம் அரைகுறையாக நிற்கிறது. அதன் ஒரு முனையைக் கண்ணாடியும் எஃகும் ஈட்டி போல் துளைத்துப் போகின்றன. 2001இல் திறந்த ஆவண மையம் அது, நாஜிக் காலத்தைப் பற்றிய அருங்காட்சியகம். அங்கே புதுப்பிப்பு வேலைகள் நடப்பதுண்டு, எது திறந்திருக்கிறது என்று இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏரியைச் சுற்றி நடந்தால் செப்பலின் திடல். பழைய செய்திப்படங்களில் கொடியும் வெளிச்சமுமாகப் பார்த்த மேடை. இன்று படிக்கட்டு இடுக்கில் புல். ஒருவர் சுவரில் டென்னிஸ் பந்து அடித்துப் பழகுகிறார். உச்சியில் இருந்த பெரிய ஸ்வஸ்திகாவை 1945 ஏப்ரலில் அமெரிக்கர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள், ஓரத் தூண்வரிசை 1967இல் போனது. கோடையில் பக்கத்தில் கார் பந்தயமும் ராக் கச்சேரியும் நடக்கும்.

என் தம்பியை அங்கே கூட்டிப்போனபோது "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றான். அந்த ஏமாற்றம் நல்லது என்று நினைக்கிறேன். அந்த இடத்தைப் பழையபடி பளபளப்பாக்கவும் கூடாது, இடிந்து மறையவும் விடக்கூடாது என்பது நகரத்தின் முடிவு. விழாமல் முட்டுக்கொடுத்து வைப்பதற்கே ஏகப்பட்ட பணம் போகிறது. அங்கிருந்து பெருஞ்சாலை என்ற அகலமான கருங்கல் தளம் ஒன்று கிளம்பும். அதன் நடுவில் நின்று நேரே பாருங்கள், தூரத்தில் கோட்டையைக் குறிவைத்துப் போட்டிருக்கிறார்கள். பழைய பேரரசர்களுக்கும் தங்களுக்கும் ஒரு நேர்கோடு. வாக்கன்ரோடரின் வளைந்த சந்து இங்கே வந்து இப்படி நிமிர்ந்துவிட்டது. இப்போது அந்தச் சாலை, கண்காட்சி நாட்களில் வண்டி நிறுத்துமிடம்.

அடுத்தது நீதிமன்ற அறை எண் 600. சுரங்க ரயிலில் பெரென்ஷான்ஸே நிறுத்தம். 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை நாஜித் தலைவர்களை விசாரித்த அறை. இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அடையாளக் காரணமும் சொல்வார்கள். ஆனால் முதல் காரணம் சாதாரணமானது: நீதிமன்றக் கட்டடம் பெரிதாகச் சேதமாகாமல் நின்றது, சிறை அதோடு ஒட்டி இருந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் நான்கிலும் பேசப் பேசவே காதில் மொழிபெயர்ப்பு கேட்கும் முறை அவ்வளவு பெரிய அளவில் நடந்தது அங்கேதான். செய்தியாளர்களை ஊருக்கு வெளியே பென்சில் குடும்பமான ஃபாபர் காஸ்டெல்லின் மாளிகையில் தங்கவைத்தார்கள். எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் வந்தார், நார்வேப் பத்திரிகைகளுக்காக, பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஆன வில்லி பிராண்ட் வந்தார். அவர்கள் கண்ட நியூரம்பெர்க் இடிபாடும் பிணவாடையும். அறை சின்னதாக இருக்கும், படத்தில் பார்த்ததைவிட ரொம்பச் சின்னது. பல ஆண்டுகள் அங்கே திருட்டு, கொலை வழக்குகளும் வழக்கம்போல் நடந்தன.

சாப்பாடு. ஊரின் பெயர் சொன்னாலே விரல் நீளத் தொத்திறைச்சிதான், 7 முதல் 9 சென்டிமீட்டர் என்று விதியே இருக்கிறது. தெருக்கடையில் "த்ரை இம் வெக்லா" என்று கேட்டால் பன்னுக்குள் மூன்று வைத்துக் கொடுப்பார்கள். பன்றி இறைச்சி, தெரிந்து சாப்பிடுங்கள். சைவம் என்றால் கொஞ்சம் உஷார். உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்பும் சைவம் போலத் தெரியும், குழம்பு இறைச்சிச் சாறு. பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ் கேளுங்கள், வயிறு நிறையும். மே, ஜூனில் வெள்ளை அஸ்பாராகஸ் கிடைக்கும், ஊருக்கு வடக்கே காய்கறி விளையும் பகுதிக்குப் பெயரே 'பூண்டு நாடு'. லெப்குகன் என்ற மசாலா கேக் வாங்கும்போது 'எலிசென்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்தப் பெயருக்குப் பாதாம் போன்ற கொட்டைப் பருப்பு கால் பங்குக்குக் குறையக் கூடாது, மாவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாம் போட்டிருப்பதால் நம் நாக்குக்கு அந்நியமாகவே இருக்காது. ஒன்று மட்டும்: அங்கே யாரிடமும் பவேரியர் என்று சொல்லிவிடாதீர்கள். 1806இல் பவேரியாவோடு சேர்த்தது சேர்த்ததுதான், அவர்கள் ஃபிராங்கோனியர்கள்.

சரி, இரண்டு நாள். மியூனிக்கிலிருந்து வேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். உள்ளூர் ரயிலில் ஒன்றே முக்கால் மணி ஆகும், ஆனால் பேயர்ன் டிக்கெட் என்ற ஒருநாள் பயணச்சீட்டில் செலவு மிஞ்சும். வார நாளில் அந்தச் சீட்டு காலை 9 மணிக்கு மேல்தான் செல்லுபடியாகும். நான் முன்பு செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். முதலில் பழைய ஊரைக் காட்டிவிட்டு மறுநாள் மாநாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போவேன், எல்லாரும் கனத்த மனதோடு ரயிலேறுவார்கள். பின்னாட்களில் மாற்றினேன்: முதல் நாள் காலை திடல், மதியம் அறை 600, அதே நாளில் முடித்துவிடுவது. மறுநாள் முழுக்கப் பழைய ஊர். அப்படி வரும்போது செட்டா என்ற கேள்வியே யாருக்கும் எழுவதில்லை. ஒரு வீடு 1955இல் கட்டியதாக இருந்தால் ஏன் என்று அவர்களுக்குத் தெரியும். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். கல் பாவிய தெருக்கள், நல்ல செருப்பு போடுங்கள்.

டிசம்பரா ஜூனா என்றால் என் ஓட்டு ஜூனுக்கு. அந்த மாதம் ட்யூரர் அடங்கியிருக்கும் யோஹன்னிஸ் கல்லறைத் தோட்டத்தில் ரோஜா பூத்திருக்கும், எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரைகள். பொன் கிரீடத்தோடு மாடத்தில் நின்று சந்தையைத் திறந்து வைப்பது கிறிஸ்ட்கிண்ட் என்ற தேவதை வேடம், அதற்கு உள்ளூர் இளம்பெண்களில் இரண்டு வருடத்துக்கு ஒருவர் தேர்வாவார். 2019இல் தேர்வானவரின் தந்தை இந்தியர். வலதுசாரிக் கட்சிக்காரர் ஒருவர் இனவெறியோடு ஏதோ எழுத, ஊரே அந்தப் பெண் பக்கம் நின்றது. டிசம்பர்தான் வாய்க்கிறது என்றால் செவ்வாயோ புதனோ காலை பத்தரைக்குச் சந்தைக்குப் போய்விடுங்கள். சனிக்கிழமை மாலை போனால் பார்க்கக் கிடைப்பது முன்னால் நிற்பவரின் முதுகுப்பை மட்டும்தான்.